45 நிமிடப் பேச்சும் அதற்கு முந்தைய ஆறு மாதங்களும்

மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் ஓர் உரைக்கு ஒதுக்கும் கட்டம் சின்னது. பெரும்பாலும் 45 நிமிடம். கேள்விகளுக்கு விட்டது போக 38, 40 நிமிடம் பேசலாம். அந்தச் சின்னக் கட்டத்துக்காக ஒருவர் கடல் தாண்டி வருகிறார் என்றால் விசா, டிக்கெட், தூக்கம், கேபிள், கடவுச்சொல், மொழி என்று ஏழெட்டு இடங்களில் எங்கே பிசகினாலும் கட்டம் காலியாகிவிடும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.

பெரிய நிறுவனங்கள் நடத்தும் மாநாடுகளில் காலியான இடத்தை நிரப்ப ஆள் இருப்பார்கள், பயண ஏற்பாட்டுக்கென்று தனிப் பிரிவே இருக்கும். பயனர் குழு மாநாடுகளின் பிறப்பே வேறு. 1955இல் ஐபிஎம் 704 கணினிக்காகக் காத்திருந்த நிறுவனங்களின் நிரலாளர்கள் கலிபோர்னியாவில் கூடி 'ஷேர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஒரே கணினிக்கு ஒரே அடிப்படை நிரல்களை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதித் தவிக்க வேண்டாம், எழுதியதைப் பகிர்ந்துகொள்வோம் என்பதுதான் அவர்கள் எண்ணம். 1980இல் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஒரு குழு, 2003இல் பைத்தான் மொழி நிரலாளர்களின் முதல் பைகான் மாநாடு என்று வரிசை நீண்டாலும் அடிப்படை மாறவில்லை: பயன்படுத்துகிறவர்களே கூடிப் பயன்படுத்துகிறவர்களுக்காக நடத்துவது. ஒருங்கிணைப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு இரவில்தான் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உரையாளர் அவர்களுக்குப் புதிதாக ஒரு சுமையாக ஆகாமல், மேடை ஏறும் நிலையில் வந்து சேர வேண்டும்.

விண்ணப்பிக்கும் போதே

உரைகளுக்கான அழைப்பு பெரும்பாலும் மாநாட்டுக்கு நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே மூடிவிடும். செஷனைஸ், பிரீடால்க்ஸ் போன்ற தளங்கள் வழியாகத்தான் இப்போது பலரும் விண்ணப்பங்களைப் பெறுகிறார்கள். சுருக்கம் 150 சொற்களுக்குள் இருப்பது நல்லது. தேர்வாளர் ஒரே இரவில் நூறு சுருக்கங்களைப் படிக்கக்கூடும், ஆகவே முதல் இரண்டு வரியிலேயே என்ன சிக்கல், யாருக்கு வரும் சிக்கல் என்பது தெரிந்துவிட வேண்டும். முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கும் குழுக்கள் உண்டு. அங்கே சுருக்கத்துக்குள் உங்கள் பெயரோ நிறுவனமோ தெரிந்தால் அந்த முறையே கெட்டுவிடும்.

பலரும் வெறுமையாக விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது: தேர்வுக் குழு மட்டும் பார்க்கும் குறிப்பு. வெளிநாட்டு உரையாளருக்கு அதுதான் முக்கியம். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, விசா தேவையா, அழைப்புக் கடிதம் எந்தத் தேதிக்குள் கையில் வேண்டும், பயணச் செலவை யார் ஏற்கிறார்கள், இந்த நான்கையும் அங்கே எழுதிவிடுங்கள். செலவு கேட்டால் தேர்வாகாமல் போய்விடுமோ என்று மறைத்துவிட்டு, தேர்வான பிறகு சொல்வது ஒருங்கிணைப்பாளரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். வரவு செலவுக் கணக்கை அவர்கள் அதற்குள் மூடியிருப்பார்கள்.

இரண்டு அல்லது மூன்று தலைப்புகளை அனுப்புவது பயன் தரும். ஒருவரை வரவழைக்கும் செலவுக்கு இரண்டு உரைகள் கிடைக்கும் என்றால் குழுவுக்கும் கணக்கு ஒத்துவரும். அண்டை நாட்டுக் குழுக்கள் தேதிகளை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு ஒரே உரையாளர்களைச் சுற்றுக்கு அழைப்பதும் உண்டு. ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளின் பயனர் குழுக்கள் லத்தீன் அமெரிக்காவிலும் ஆசிய பசிபிக் வட்டாரத்திலும் இப்படிச் சுற்றுகளை நடத்தியிருக்கின்றன. நீண்ட விமானச் செலவு பல நகரங்களுக்குப் பங்காகிவிடும் என்பது இதன் நன்மை. ஆனால் வாரத்துக்கு மூன்று நகரங்களுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. நான்காவது நகரத்தில் அமர்ந்திருப்பவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கித்தான் வந்திருக்கிறார்கள். களைத்துப்போன குரலைக் கேட்பது அவர்களுக்கு நியாயமாகாது.

விசா: தேதியைப் பின்னிருந்து எண்ணுங்கள்

பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. முடிவுக்குரிய காலம் 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். இதில் நேர்காணலுக்கு இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் சேராது. சில மாதங்களில் அந்தக் காத்திருப்பே வாரக்கணக்கில் போகும். ஆகவே உரை தேர்வான செய்தி மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பாவது வந்தால்தான் விசா தேவைப்படும் ஒருவரால் நிம்மதியாக வர முடியும். அறிவிப்பு தாமதமாகும் என்று தெரிந்தால், முன்கூட்டி முடிவைச் சொல்ல முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பல குழுக்கள் விசா தேவைப்படுவோருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகின்றன.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. இரண்டு நாடுகளில் பேசுவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டில். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்றாவது நாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. தங்கும் நாட்களுக்கும் கணக்கு இருக்கிறது: எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தே எண்ணப்படும்.

அழைப்புக் கடிதம் ஒருங்கிணைப்பாளருக்கு மிகவும் அலுப்பூட்டும் வேலை. அதை எளிதாக்க, கடிதத்தின் வரைவை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, மாநாட்டின் பெயர், நாட்கள், நடக்கும் இடத்தின் முழு முகவரி, உரையின் தலைப்பு, பயணம் தங்கல் செலவை யார் ஏற்கிறார்கள், குழுவின் பதிவு எண், கையொப்பமிடுபவரின் பதவி, எடுத்தால் பதில் சொல்லக்கூடிய ஒரு தொலைபேசி எண். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம். தூதரகத்திலிருந்து அழைத்துச் சரிபார்க்கும்போது யாரும் எடுக்காவிட்டால் கடிதத்தின் மீதே சந்தேகம் வரும். இன்னொரு சிக்கலும் வரும். சில குழுக்கள் சட்டப்படி பதிவு செய்யப்படாத நண்பர் வட்டங்களாக இருக்கும், அவர்களது கடிதத்தாளுக்கு எடை குறைவு. அப்போது இடம் தரும் பல்கலைக்கழகத்தையோ ஆதரவு தரும் நிறுவனத்தையோ இரண்டாவது கடிதம் தரச் சொல்லலாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் விசா, டிக்கெட், கடிதம், மாநாட்டு அட்டை நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சன்மானம் வாங்குவது தனிக் கேள்வி. பேசுவதற்குப் பணம் பெறுவது பல நாடுகளில் 'வேலை' என்ற வரையறைக்குள் வந்துவிடும். பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல், அழைக்கப்பட்ட உரையாளர் சாதாரண வருகையாளர் நிலையிலேயே மாநாட்டில் பேசிப் பணம் பெறலாம். ஆனால் அந்த ஏற்பாடு பயணத்துக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும், நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் பேசி முடிக்க வேண்டும். கனடாவில் ஐந்து நாளுக்கு மேற்படாத நிகழ்வில் பேச வரும் விருந்தினருக்குப் பணி அனுமதி தேவையில்லை. அமெரிக்காவில் மாநாட்டில் கலந்துகொள்ள பி-1 விசா போதும், பயணச் செலவைத் திரும்பப் பெறுவதிலும் சிக்கல் இல்லை. சன்மானம் வாங்கும் சலுகையோ பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான், அதுவும் ஓர் இடத்தில் ஒன்பது நாளுக்குள், ஆறு மாதத்தில் ஐந்து இடங்களுக்கு மேற்படாமல். பயனர் குழு அந்த வகையில் சேராது. மாநாட்டுக்கு முந்தைய நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் முழுநாள் பயிலரங்கும் 45 நிமிட உரையும் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பயிலரங்குக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்நாட்டு அதிகாரபூர்வத் தளத்தில் அந்தப் பிரிவைத் தனியாகப் படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன ஆண்டு போய்வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்பக் கூடாது.

விசா வேண்டாத நாட்டுக்காரர்களுக்கும் முன் அனுமதி என்று ஒன்று இப்போது பல இடங்களில் உண்டு. அமெரிக்காவுக்கு எஸ்டா, கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் மின்னணுப் பயண அனுமதி. அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இடையில் விமானம் மாறும் நாட்டையும் பாருங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதென்றாலே குடியேற்றச் சோதனையைக் கடந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கே விசாவோ எஸ்டாவோ தேவை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. சான்றிதழ், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும்.

கடவுச்சீட்டு விசாவோடு கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லுங்கள். மேல்முறையீடு செய்து பார்க்கலாம் என்று பத்து நாள் பேசாமல் இருந்தால் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கும் நேரம் இல்லாமல் போகும்.

பணம்

தேர்வான மின்னஞ்சலுக்கு நன்றி சொல்லும்போதே கேட்க வேண்டியவை: உச்ச வரம்பு எவ்வளவு, விசாக் கட்டணமும் காப்பீடும் அதில் சேருமா, விடுதியை அவர்களே பதிவு செய்கிறார்களா, பணம் மாநாட்டுக்கு முன்பு வருமா பின்பு வருமா. விடுதியை அவர்களே எடுப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது. செலவைத் திருப்பித் தருவதற்குப் பல குழுக்கள் போர்டிங் பாஸையும் கேட்கும், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு அனுப்பும் பணத்தில் இடைப்பட்ட வங்கிகள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். அனுப்புகிறவர் எல்லாக் கட்டணத்தையும் ஏற்கும் முறை, இருவரும் பகிர்ந்துகொள்ளும் முறை, பெறுகிறவரே ஏற்கும் முறை என்று மூன்று வகை உண்டு. எது என்று முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் வந்து சேரும் தொகை ரசீதோடு ஒத்துப்போகாது. அதைத் தேடி அலைவதும் அந்தத் தன்னார்வப் பொருளாளர் தலையில்தான் விழும்.

விமானமும் உடம்பும்

உடல் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். பெரும்பாலோருக்கு உடலின் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தை விடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது, நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம் கடினம். ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு முழு நாள் முன்பே போய்ச் சேருங்கள். குறைவாக இருந்தாலும் ஒரு முழு நாள் வேண்டும், தவறிய இணைப்பு விமானத்துக்கும் அந்த நாளே ஈடு.

வெளிச்சத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் உடம்பு விரைவில் பழகும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கிடைக்கும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், அதற்கு முன்பு கிடைப்பது பின்னே தள்ளும். கிழக்கே எட்டு மணி நேரம் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி உங்கள் ஊரில் அதிகாலை 4 மணி என்றால், அங்கே அது பகல் 12. போய் இறங்கிய மறுநாள் காலை 8 மணிக்கு வெயிலில் நடந்தால், உடலுக்கு அது நள்ளிரவு வெளிச்சம், கடிகாரம் தவறான பக்கம் போகும். முதல் நாள் நண்பகல் வரை கறுப்புக் கண்ணாடியோடு இருந்துவிட்டு பிற்பகலில் வெயிலில் நடப்பதே சரி. அடுத்தடுத்த நாட்களில் அந்த நேரத்தை ஒரு மணி ஒரு மணியாக முன்னே கொண்டுவரலாம்.

இதே கணக்கைக் காட்டி உரை நேரத்தையும் கேட்டுப் பெறலாம். கிழக்கே எட்டு மணி நேரம் வந்தவருக்குக் காலை 9 மணி உரை என்பது உடலுக்கு இரவு 1 மணி, மாலை 4 மணி உரை காலை 8 மணி. மேற்கே வந்தவருக்கு இது தலைகீழ்: மாலை 5 மணிக் கட்டம் அவருக்கு இரவு 1 மணி. 'கிழக்கு நோக்கி வருவதால் பிற்பகல் கிடைத்தால் நல்லது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அட்டவணை போடுகிறவருக்கு அது சிரமம் இல்லை, ஆனால் வெளியிட்ட பிறகு கேட்கக் கூடாது.

விமானப் பயணத்தின் எல்லாக் கட்டங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. லேப்டாப், சார்ஜர், அடாப்டர், உரையன்று உடுத்தும் உடை, அன்றாட மருந்து ஐந்தும் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட் மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட் மணி. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி எண் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.

அறைக்குள்

லேப்டாப் சார்ஜரின் மேல் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மின்மாற்றி எதுவும் வேண்டாம், பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் போதும். மேடையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சாக்கெட்தான். கனமான எல்லா நாட்டு அடாப்டர் தளர்ந்து கழன்றுவிடும், அந்த நாட்டுக்கென்றே உள்ள சின்ன அடாப்டர் உறுதியாக நிற்கும்.

திரை இணைப்பில் தவறுவதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதிலிருந்து படம் வரும் என்று நம்புவது. டிஸ்பிளேபோர்ட் வசதி சேர்ந்த துளையில்தான் சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டர் வேலை செய்யும். சில துளைகள் மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டும். இரண்டு, டிரைவர் மென்பொருளை நிறுவினால் மட்டும் இயங்கும் வகை டாக் என்னும் இணைப்புப் பெட்டி. நிறுவனம் பூட்டி வைத்த லேப்டாப்பில் அங்கே போய் எதையும் நிறுவ முடியாது. மூன்றாவது நுணுக்கமானது. உரையைப் பதிவு செய்யும் கருவி உங்கள் லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் இருக்கும். சில கணினிகள் எதிர்முனை ஏற்றுக்கொண்டால் சாதாரண ஸ்லைடுக்கும் எச்டிசிபி என்னும் நகல்தடுப்பைப் போட்டுவிடும். பதிவுக் கருவி அதைப் படிக்க மறுக்கும். உங்கள் லேப்டாப்பில் ஸ்லைடு தெரியும், பதிவில் கறுப்புத் திரைதான் இருக்கும். ஒலி ஒளி பார்ப்பவரிடம் 'பதிவில் தெரிகிறதா' என்று கேட்டே உறுதி செய்யுங்கள். திரையின் அளவை 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் என்று நீங்களே நிறுத்திவிடுவது பெரும்பாலான அறைகளில் ஒத்துப்போகும். உரைக்குப் பதினைந்து நிமிடம் முன்பு பார்ப்பது போதாது, முந்தைய உரையாளர் அப்போதும் பேசிக்கொண்டிருப்பார். காலையில் கதவு திறந்ததும், அல்லது மதிய இடைவேளையில் பாருங்கள்.

நிரல் வரிகளின் எழுத்தளவு 24 புள்ளிக்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குத் தெரியாது. திரையின் கீழ்க் கால்வாசியை முன்வரிசைத் தலைகள் மறைக்கும், ஆகவே டெர்மினலின் கட்டளை வரி எப்போதும் மேல் பாதியில் இருக்கட்டும். லேசர் ஒளி எல்இடி சுவரில் தெரியாது, பதிவிலும் வராது. மவுஸ் குறியைப் பெரிதாக்கிக்கொள்வதே மேல். சட்டையில் மாட்டும் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டை அதன் மீது உரசினால் பதிவு முழுவதும் கரகரக்கும், பேசும் முன் கழற்றிவிடுங்கள். மைக்கின் மின்கலப் பெட்டியைச் செருக இடுப்புப் பட்டையோ பையோ உள்ள உடை தேவை.

டெமோ விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன்: மாநாட்டு வைஃபையை நம்பிய டெமோவுக்கு மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் அதைச் செய்யாதீர்கள். கூட்டத்தில் வேகம் குறைவதைவிட மோசமான சிக்கல்கள் அங்கே உண்டு. பல அரங்குகளின் வைஃபை, வலைத்தளங்களுக்கான 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாயில்களை, மூடிவைத்திருக்கும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் 22, தரவுத்தளங்களான போஸ்ட்கிரஸின் 5432, ஆரக்கிளின் 1521 எதுவும் வெளியே போகாது. ஒரே வைஃபையில் உள்ள உங்கள் போனும் லேப்டாப்பும் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்திருப்பார்கள். லேப்டாப்பிலேயே மெய்நிகர் இயந்திரமாகவோ கன்டெய்னராகவோ வைத்து, விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உரிமத்தைச் சரிபார்க்க இணையம் தேடும் மென்பொருள் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதோடு டெமோவை ஒலியில்லாத வீடியோவாகப் பதிந்து, கோப்பாகவே கையில் வையுங்கள்.

மேகக் கணிமைக் (கிளவுட்) கணக்கில் நுழைய வேண்டுமென்றால் இன்னொரு பொறி. புதிய நாட்டிலிருந்து வரும் நுழைவை நிறுவனத்தின் பாதுகாப்பு அமைப்பு தடுத்துவிடும். அந்நாட்டையும் தேதிகளையும் சொல்லிக் கிளம்பும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல், சிம்மை மாற்றியதும் வராது. உள்ளூர் இணைப்பை இ-சிம்மாக வைத்துப் பழைய எண்ணை உயிரோடு வைத்திருங்கள், மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு எடுத்துப்போங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் செயலிக் குறியீட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. போய் இறங்கியதும் கடிகாரம் தவறாக இருக்கிறதே என்று, நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் கையால் திருத்துகிறவர்களுக்குக் குறியீடு எதுவும் ஏற்கப்படாது. கணக்கிடுவது உலகப் பொது நேரத்தை வைத்து, அது பல மணி நேரம் பிசகிப் போயிருக்கும்.

கேட்பவரின் மொழி

பலருக்கும் இரண்டாம் மூன்றாம் மொழியான ஆங்கிலத்தில்தான் உரை. நிமிடத்துக்கு 150 சொற்கள் பேசுகிறவர் 120க்கு இறங்க வேண்டும். அப்படியானால் 40 நிமிடத்துக்குரிய பொருளில் ஐந்தில் ஒரு பங்கை வெட்ட வேண்டும், வேகமாகப் பேசிச் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு ஸ்லைடிலும் முக்கிய முடிவு முழு வாக்கியமாக எழுத்தில் இருக்கட்டும். காதில் தவறியதைக் கண் பிடித்துக்கொள்ளும். 03/04 என்று தேதி எழுதினால் ஒரு நாட்டில் மார்ச், இன்னொன்றில் ஏப்ரல். மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 1,500 என்பது சில நாடுகளில் ஒன்றரை என்றே படிக்கப்படும்.

உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் கண்ணாடி அறைக்குள் இருவராக உட்கார்ந்து 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அந்த வேலை மூளையை அவ்வளவு களைப்படையச் செய்யும். அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே ஸ்லைடுகளையும், மொழிபெயர்க்கக் கூடாத சொற்களின் பட்டியலையும் அனுப்புவது நீங்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த உதவி. கட்டளைப் பெயர்களும் பொருட்பெயர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. உங்கள் சொல் கேட்பவரின் காதுக்குச் சில விநாடிகள் பிந்தித்தான் போகும். ஸ்லைடை மாற்றிய உடனே பேசத் தொடங்காமல் ஒரு மூச்சு விடுங்கள். 'இதோ இது', 'அங்கே பாருங்கள்' என்று கையைக் காட்டினால் கண்ணாடி அறைக்குள் இருப்பவருக்கு எது என்று தெரியாது. 'இரண்டாம் வரி', 'இடது பெட்டி' என்று பெயர் சொல்லுங்கள். கேள்வி நேரம் தொடங்கும் முன்பே மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் நீங்கள், ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பாளர் என்று மாறி மாறிப் போகும் முறையாக இருந்தால் கிடைப்பது பாதி நேரம்தான். உரையைப் பாதியாக்கித் தயாரிக்காவிட்டால் முடிவுரை வராமலே மணி அடிக்கும்.

எந்த முறையானாலும், கேட்ட கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் பதிவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் மூவருக்குமே அது தேவை. கூச்சத்தால் அரங்கில் கேட்காதவர்கள் அறைக்கு வெளியே காத்திருப்பார்கள். உரை முடிந்த கையோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடும் உரையாளர்கள் இழப்பது இவர்களைத்தான். தங்கள் கணினியில் வந்த பிழைச் செய்தியைப் போனில் காட்டி, சொல்லுக்குச் சொல் தேடிப் பேசும் அந்தப் பத்து நிமிட உரையாடல்களில் பயனர் குழுவின் ஆதி நோக்கம் அப்படியே உயிரோடு இருக்கிறது. மாநாடு முடியும் வரை இருக்கும்படி திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.

வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் ரசீதுகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, எந்த நாளின் நாணய மாற்று விகிதம் என்ற குறிப்போடு அனுப்பிவிடுங்கள். ஸ்லைடுகளைப் பதிவேற்றுங்கள், எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப்பாக. அதோடு அறையைப் பற்றி ஐந்து வரி: எந்தத் திரை அளவு ஒத்துவந்தது, எந்த போர்ட்டுகள் மூடியிருந்தன, சாக்கெட் எங்கே இருந்தது, மைக் எந்த இடத்தில் கரகரத்தது, கடைசி வரிசைக்கு எந்த எழுத்தளவு தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே அறைக்கு வரப்போகும் வெளிநாட்டு உரையாளருக்கு ஒருங்கிணைப்பாளர் அந்த ஐந்து வரியை அப்படியே அனுப்பிவைக்கலாம்.